சர்வமத மேடையும் சமுதாய மனச்சாட்சியும்

நம் நாட்டு நகரங்களிலே சர்வமதக் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பௌர்ணமி தினமாயினும், தேசிய விழாவாயினும், எங்கேனும் ஓர் ஊரில் இரத்தம் சிந்தப்பட்டு ஒரு வாரம் கழிந்த பின்னராயினும், சமூக மண்டபத்தின் வாயிலில் வாழை கட்டப்படுகிறது. மேடையில் நான்கு ஆசனங்கள் இடப்படுகின்றன. பிக்கு அமரவிருக்கும் ஆசனத்துக்கு வெள்ளை விரிக்கப்படுகிறது. குருக்களுக்கும் மௌலவிக்கும் பாதிரியாருக்கும் வெறும் நாற்காலிகள். விளக்கேற்றப்படுகிறது. வரவேற்புரையை அடுத்துச் சிறப்புப் பேச்சாளர்கள் நால்வரும் பேசுகின்றனர். நதிகள் பல, கடல் ஒன்று என்கிறார் ஒருவர். மலர்கள் பல, மாலை ஒன்று என்கிறார் மற்றவர். நன்றியுரையோடும் தேநீரோடும் கூட்டம் இனிதே நிறைவெய்துகிறது.

சில காலத்துக்கு முன்னர் வடபகுதியில் நிகழ்ந்த இத்தகைய கூட்டமொன்றிலே நாமும் இருந்தோம். நால்வரும் பேசி முடித்தனர். மனித குலம் ஒன்றே என்று நால்வருமே கூறினர். நன்றியுரைக்கு ஒருவர் எழுந்த வேளையில், மண்டபத்தின் கடைசி வரிசையிலே சுவரோடு நின்ற முதியவர் ஒருவர் கை கூப்பியவாறு கேட்டார்: “ஐயாமார் எல்லாரும் ஒண்டெண்டு சொன்னியள். சந்தோசம். எங்கட ஊர்க் கோயில்ல தேர்வடத்தை நாங்கள் தொடக்கூடாதெண்டு நிக்கினம். இதை அங்கை வந்து சொல்ல உங்களிலை ஒராள் வருவியளோ?” மேடை மௌனமாயிற்று. நேரம் போதாமையால் கேள்விகளுக்கு இடமளிக்க இயலவில்லை என்று தலைவர் வருத்தம் தெரிவித்தார். முதியவர் அமர்ந்தார். தேநீர் வந்தது.

அந்த முதியவரின் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அது ஓர் ஊரின் தேரைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினும், உண்மையில் அந்த மேடையின் ஒழுக்க அடிப்படையைப் பற்றிய கேள்வியாகும். பல மதத்தார் ஓரிடத்திற் கூடி நல்லுரை கேட்பதன் பயன் யாது? பேசியவர் பேசிவிட்டும் கேட்டவர் கேட்டுவிட்டும் அவரவர் முன்பிருந்தபடியே வீடு திரும்புவரெனில் அதனை ஆன்மிகக் கூட்டம் என அழைப்பது பொருந்துமா? இவ்வினாக்களை ஏளனத்துடன் எழுப்புவோர் உளர். நாம் அவர்களுடன் சேர்ந்தவரல்லேம். இக்கூட்டங்கள் பயனுடையனவாக வேண்டும் என்ற விருப்பினாலேயே அவற்றை ஆராய முற்படுகின்றோம்.

சர்வமத மேடை நமது நாட்டிலே தோன்றுவதற்கு முன்னர் மதவாத மேடை இருந்தது. 1873 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26 ஆம், 28 ஆம் திகதிகளிலே பாணந்துறையில் நிகழ்ந்த விவாதத்தை யாவரும் அறிவர். ஒருபுறம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். மறுபுறம் வெஸ்லியன் சபையைச் சார்ந்த டேவிட் டி சில்வா பாதிரியார். ஆயிரக்கணக்கான மக்கள் வெயிலிலே நின்று செவிமடுத்தனர். ஆன்மா உண்டா, உலகைப் படைத்த கடவுள் உளரா என்பன அங்கு வாதிக்கப்பட்டன. கடுஞ்சொற்களும் வழங்கின. அவ்விவாதத்தின் ஆங்கில அறிக்கை கடல் கடந்து சென்று ஒல்கொட்டின் கையை எட்டியதும், அவர் 1880 இல் காலியில் வந்திறங்கியதும், பௌத்த மறுமலர்ச்சி வலுப்பெற்றதும் வரலாறு.

பாணந்துறையின் பகைமையை நாம் மீண்டும் வேண்டுவோமல்லேம். எனினும் அங்கே ஒன்று இருந்தது. டி சில்வா பாதிரியார் பாளி மொழியைக் கற்றிருந்தார். குணானந்த தேரர் விவிலியத்தை ஆழ்ந்து படித்திருந்தார். மறுப்பதற்காகவேனும் அவர்கள் ஒருவர் நூலை மற்றவர் பயின்றனர். இன்றைய சமரச மேடையில் அமரும் நால்வருள் எத்தனை பேர் மற்ற மூவரின் மறைநூல்களைத் திறந்து பார்த்திருப்பர்? பகைவர்கள் காட்டிய சிரத்தையை நண்பர்கள் காட்டாதிருப்பது வியப்புக்குரியதே.

பாணந்துறைக்கு இருபது ஆண்டுகளின் பின், 1893 செப்டெம்பர் 11 முதல் 27 வரை, அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே உலக மதங்களின் மகாசபை கூடிற்று. இன்று நாம் காணும் சர்வமதக் கூட்டங்கள் யாவற்றுக்கும் அதுவே தாய் எனலாம். நமது நாட்டிலிருந்து அநகாரிக தர்மபாலர் சென்றார். பாரதத்திலிருந்து விவேகாநந்தர் சென்றார். புத்தரின் சரிதத்தைப் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று தர்மபாலர் சபையினரை நோக்கிக் கேட்டபோது ஐந்து கைகளே உயர்ந்தன என்று சபையின் அறிக்கை கூறும். அன்பைப் பேச வந்த மண்டபத்தில் அறிவு அத்துணையே இருந்தது.

அம்மகாசபைக்கு அழைக்கப்பட்டவர் யார், அழைக்கப்படாதவர் யார் என்பதும் நோக்கற்பாலது. இஸ்லாத்தின் சார்பிற் பேசியவர் அம்மதத்தைத் தழுவிய அமெரிக்கர் ஒருவரே. அந்த மண்ணின் ஆதிக்குடிகளாகிய செவ்விந்தியரின் சமயம் பற்றி அவர்கள் எவரும் பேசவில்லை. வெள்ளையினப் பெண் ஆய்வாளர் ஒருவரே கட்டுரை வாசித்தார். கந்தர்பெரி அத்தியட்சர் வர மறுத்தார். ஏனைய மதங்களைத் தமது மதத்துக்குச் சமமாக ஒப்புக்கொள்வதாக அது பொருள்படும் என்பதே அவர் கூறிய காரணம். அவர் கருத்து நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒரே மேடையில் அமர்தல் என்பது ஏதோ ஒன்றை ஒப்புக்கொள்வதாகும் என்பதை, புன்னகையோடு வந்து அமர்ந்த பலரைவிட, வர மறுத்த அம்மனிதர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

அம்மகாசபையின் நினைவாக நம் மேடைகளில் இன்றுவரை எடுத்துரைக்கப்படுவது, சபையோரைச் சகோதரரென விளித்த விவேகாநந்தரின் முதல்நாட் சொற்பொழிவே. அதே மேடையில் செப்டெம்பர் 20 ஆம் திகதி அவர் நிகழ்த்திய சிற்றுரையைக் கூறுவார் அரியர். பாரத மக்கள் பட்டினியால் மடிகையில் அவர்களுக்குக் கோயில் கட்டிக் கொடுப்பதும், உணவு கேட்போருக்கு மதபோதனை செய்வதும் அம்மக்களை அவமதிப்பதாகும் என்று விருந்தளித்தோர் முகத்துக்கு நேரே அவர் கூறினார். கறுப்பினப் பெண்மணியான ஃபானி பாரியர் வில்லியம்ஸ் அதே சபையில் எழுந்து, அடிமை முறைக்கு ஏற்றவாறு அமெரிக்காவிற் கிறிஸ்தவ போதனை எவ்வாறு திரிக்கப்பட்டதென எடுத்துரைத்தார். நம் கருத்துப்படி, அம்மகாசபை தனது பெயருக்குத் தகுதி பெற்றது இத்தகைய வேளைகளிலேதான். கேட்போருக்கு இனிக்கும் சொல்லைக் கூறுவதற்கு எந்த ஆன்ம பலமும் வேண்டியதில்லை. அழைத்தவர் முகம் சுளிக்கக் கூடும் என்று அறிந்தும் உண்மையைக் கூறுவதற்கு அது வேண்டும்.

சிக்காகோவிலிருந்து மீண்ட விவேகாநந்தர் 1897 ஜனவரி 15 ஆம் திகதி கொழும்பில் வந்திறங்கினார். மக்கள் வெள்ளமெனத் திரண்டு வரவேற்றனர். கண்டி வழியாக அவர் அநுராதபுரத்தை அடைந்து, வெள்ளரச மரத்தின் நிழலிலே வழிபாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவ்வேளையில் பௌத்தர் கூட்டமொன்று மேளங்களையும் சேகண்டிகளையும் தகரங்களையும் அடித்துப் பேரொலி எழுப்பிற்று. அவர் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கிருந்த இந்துக்கள் கொதித்தெழுந்தனர். கைகலப்பு மூளும் நிலை உருவாயிற்று. அமைதி காக்குமாறு அவர்களை வேண்டி அடக்கியவர் விவேகாநந்தரே.

சிக்காகோ மண்டபத்திலே கிடைத்த கரகோஷத்தையும் அநுராதபுரத்தில் எழுந்த தகர ஒலியையும் நாம் அருகருகே வைத்து நோக்க வேண்டும். மேல்நாட்டு மண்டபத்தில் அந்நியர் முன்னிலையில் மதங்களின் ஒற்றுமையைப் பேசுதல் எளிது. அங்கே எவருடைய நிலமும் எவருடைய கோயிலும் எவருடைய ஆதிக்கமும் கேள்விக்குள்ளாகவில்லை. வெள்ளரச மரத்தடியிலோ நிலம் யாருடையது, நிழல் யாருடையது என்ற வினா இருந்தது. சிக்காகோவிற் கருணையைப் போற்றிய தர்மபாலரே பிற்காலத்தில் இந்நாட்டு முஸ்லிம்களை அந்நியரெனச் சாடி எழுதினார் என்பதையும் நாம் மறத்தலாகாது. மேடையிற் பேசிய மதம் ஒன்று. மண்ணிற் பேசிய மதம் வேறொன்று. சர்வமத இயக்கத்தின் தீராத நோய் இதுவே.

இந்நோய்க்கு மருந்தாக நம்மவர் வழங்கும் சூத்திரம், “எல்லா மதங்களும் ஒன்றையே கூறுகின்றன” என்பதாகும். இதனைச் சற்றே ஆராய்தல் வேண்டும். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் மூன்றையும் அநாதி எனக் கொள்ளும். பௌத்தம் நிலையான ஆன்மா என ஒன்றில்லை என்னும். அல்லாஹ்வுக்கு இணை வைப்பதை இஸ்லாம் பெரும் பாவமெனும். இறைவன் மனிதனாய்ப் பிறந்தான் என்பதே கிறிஸ்தவத்தின் அடித்தளம். இவை ஒன்றையே கூறுகின்றன என்பவர் நான்கினையும் கற்றவரல்லர், அன்றேல் நான்கிலும் அக்கறை உடையவரல்லர்.

அதனினும் முக்கியமான ஒழுக்கப் பிழையொன்றும் இச்சூத்திரத்துள் மறைந்து கிடக்கின்றது. “நீ கூறுவதும் நான் கூறுவதும் ஒன்றே, ஆகவே உன்னை மதிக்கின்றேன்” என்பவன், நாளை அவ்விரண்டும் வேறெனக் கண்டால் யாது செய்வான்? மதிப்பதற்கு அவன் கொண்ட காரணம் அற்றுப் போகுமன்றோ? அயலவன் உயிரோடும் மானத்தோடும் வாழும் உரிமை, அவனது கொள்கை நமது கொள்கையுடன் ஒத்திருப்பதைச் சார்ந்ததன்று. அவன் முற்றிலும் மாறுபட்ட ஒன்றை நம்பினும், ஒன்றையுமே நம்பாத நாத்திகனாயினும், அவ்வுரிமை குறைவதில்லை. இவ்வேறுபாட்டை மூடி மறைத்துப் பெறும் ஒற்றுமை முதற் கலவரத்திலேயே கலைந்துவிடும்.

இவ்வுண்மையைச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் சோதித்துப் பார்த்த மேடையொன்றும் வரலாற்றில் உண்டு. 1947 ஏப்ரிலிலே காந்தியடிகள் டில்லியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலுள்ள வால்மீகி கோயிலிற் தங்கியிருந்தார். மாலைதோறும் அங்கு பொதுப் பிரார்த்தனை நடந்தது. கீதையோடு குர்ஆன் வாசகமும் அதில் இடம்பெற்றது. பஞ்சாபிலே இரத்தம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இந்துக் கோயிலில் குர்ஆன் ஓதக்கூடாது என்று கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து எதிர்த்தார். ஏனையோர் அவரை வெளியே தள்ள முற்பட்டனர். காந்தியடிகள் அதற்கு இணங்கவில்லை. குர்ஆன் வாசகத்தை மட்டும் விட்டுவிடவும் இணங்கவில்லை. அன்றைய பிரார்த்தனை முழுவதையுமே நிறுத்தினார். அடுத்தடுத்த மாலைகளிலும் எதிர்ப்பு எழுந்தது, பிரார்த்தனை நின்றது. எதிர்த்தோர் அடங்கிய பின்னரே அது முழுமையாக நடந்தது.

காந்தியடிகளின் அரசியலோடும் பொருளாதாரக் கருத்துகளோடும் நமக்கு மாறுபாடு பல உண்டு. வருண தருமம் பற்றி அவர் நீண்டகாலம் கூறிவந்தவற்றை அம்பேத்கார் கண்டித்தமை நியாயமே என்றும் கருதுகிறோம். எனினும் இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டியவை உள. முதலாவது, கூட்டம் நிகழ்ந்த இடம். சமுதாயம் தீண்ட மறுத்தோரின் குடியிருப்பு அது. இரண்டாவது, அவர் மன்றாடியது அயல் மதத்தாரிடமன்று, தம் மதத்தாரிடமே. மூன்றாவது, பெரும்பான்மையின் ஆரவாரத்தைக் கொண்டு ஒற்றை எதிர்ப்பாளனை அடக்க அவர் விரும்பவில்லை. அவனது மனம் மாறும்வரை காத்திருந்தார். இதற்கு விலையும் கொடுத்தார். 1948 ஜனவரி 30 ஆம் திகதி அவர் சுடப்பட்டது பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து செல்கையிலேதான்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேயே நிறைவேறியது. அதன் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உட்செல்ல உரிமை கேட்டு நிற்க வேண்டியிருந்தது. கடவுளைக் காண வந்தோரைப் பக்தர்கள் எனப்படுவோரே தடுத்தனர். அதற்கும் ஐம்பது ஆண்டுகளின் பின், 2018 இல், வடக்கே ஒரு கோயிலில் எல்லாச் சாதியாரும் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காக மண் அகழும் இயந்திரம் கொண்டு தேர் இழுக்கப்பட்டதைப் பத்திரிகைகளில் நாடே கண்டு நாணியது. நம் முதியவரின் கேள்வி வெறுங் கற்பனையில் முளைத்ததன்று. ஒரே மதத்தார் ஒரே வடத்தைப் பிடிக்க இயலாத நாட்டில், நான்கு மதத்தார் ஒரே விளக்கை ஏற்றுவது எதனை மெய்ப்பிக்கும்?

2019 ஏப்ரில் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் சர்வமதக் கூட்டங்கள் நடந்தன; உரைகளுக்குக் குறைவிருக்கவில்லை. அவ்வுரைகள் சோதிக்கப்படும் காலமும் விரைவில் வந்தது. 2020 ஏப்ரிலில், கொரோனா நோயால் இறந்தோர் யாவரையும் எரித்தே ஆகவேண்டும் என அரசு விதித்தது. புதைத்தலும் தகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அவ்விதி நீடித்தது. எரித்தலை மார்க்கம் விலக்கிய மக்கள், தம் தாய்தந்தையரின் உடல்கள் தீயிடப்படுவதைக் கையற்றுப் பார்த்து நின்றனர். பிறந்து இருபது நாளேயான ஒரு சிசுவின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது.

அப்போது, 2020 டிசெம்பரில், பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். கபன் துணியை நினைவூட்டும் சிறு துண்டுகள் அவை. முஸ்லிம்களோடு ஏனைய மதத்தவரும் வந்து கட்டினர். கிறிஸ்தவ குருமாரும் வந்தனர். அங்கே மேடை இல்லை, வரவேற்புரை இல்லை, சிறப்புப் பேச்சாளர் இல்லை, எந்த ஆசனத்துக்கும் வெள்ளை விரிக்கப்படவில்லை. இருந்த வெள்ளைத் துணி முழுவதும் வேலிக்கே போயிற்று. மூன்றரை ஆண்டுகள் கழிந்து, 2024 ஜூலையில், அக்கொடுமைக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவு செய்தது. சமீப காலத்தில் நம் நாட்டிலே கூடிய மெய்யான சர்வமதக் கூட்டம் எது என எவரேனும் வினவினால், அந்த வேலியையே நாம் சுட்டிக் காட்டுவோம்.

ஆகவே மண்டபங்களை மூடிவிடலாம் என்பது நம் வாதமன்று. மண்டபம் வேலிக்கும் வயலுக்கும் வழிகாட்ட முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1957 இல் யோஹான் தேவானந்தா என்னும் அங்கிலிக்கன் குருவானவர் குருணாகல் மாவட்டத்து இப்பாகமுவையில் தேவசரணாராமய என்ற ஆச்சிரமத்தை நிறுவினார். தியானத்துக்கென்று தோன்றிய அவ்விடம், சுற்றியிருந்த கிராமத்தாரின் காணிப் பசியைக் கண்டு, காலப்போக்கிற் கூட்டுப் பண்ணையாக வளர்ந்தது. பௌத்தரும் கிறிஸ்தவரும் மார்க்சியவாதிகளும் அங்கு ஒருங்கு கூடினர். அனைவரின் மரபுகளிலிருந்தும் எடுத்த வழிபாட்டு முறையொன்றும் உருவாயிற்று. 1972 இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் சிங்களக் கிராமத்தவரையும் மலையகத் தோட்டத் தொழிலாளரையும் ஓரிடத்துக்குக் கொணர முயன்றது. பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, லயக்காம்பராக்களிலே முடங்கிய மக்களின் வாழ்வை விட்டுவிட்டு மத ஐக்கியம் பேசுவதில் அதனை நிறுவியோர் நிறைவு காணவில்லை. இவர்களும் கூட்டம் நடத்தினர். இவர்களும் பேச்சாளரை அழைத்தனர். ஆனால் பேச்சு முடிந்ததும் செய்வதற்கு அங்கே வேலை இருந்தது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். “காணியும் சாதியும் உரிமையும் அரசியல், அவற்றைப் புகுத்தினால் மேடை பிளவுபடும், நால்வர் ஒன்றாக அமர்வதாவது எஞ்சட்டும்” என்பர் நல்லெண்ணம் படைத்தோர். இதனை நாம் எளிதில் ஒதுக்கிவிடவில்லை. பேசாதிருந்த அயலவர் பேசத் தொடங்குவதும், பாங்கொலியையும் பிரித்தையும் தேவாரத்தையும் ஒரு பிள்ளை ஒரே மண்டபத்திற் கேட்டு வளர்வதும் சிறிய நன்மைகளல்ல. அச்சம் அறியாமையிற் பிறப்பதாதலால் அறிமுகம் வேண்டும். ஆனால் அறிமுகம் முதற்படி மட்டுமே. எழுபது ஆண்டுகளாக முதற்படியிலேயே நின்றுகொண்டு, ஏறிவிட்டோம் என எண்ணுதல் தகாது. மேலும், மௌனமும் ஓர் அரசியலே. தேர்வடம் பற்றிய கேள்விக்கு நேரமில்லை என்ற தலைவர் நடுநிலை வகித்ததாகவே எண்ணியிருப்பார். வடத்தை மறுப்போரின் பக்கத்துக்கே அந்த நடுநிலை பயன்பட்டது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? சர்வமத நிலையங்களை நடத்துவோர் முன் மூன்றைப் பணிவுடன் வைக்கின்றோம். பேச்சாளரை அழைக்கும்போது தமது மதத்தின் பெருமையைப் பேசுமாறு கேளாது, தமது மதத்தார் இழைக்கும் அநீதியொன்றைப் பற்றிப் பேசுமாறு கேட்க வேண்டும். மேடைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் கடைசி வரிசைக்கு ஒதுக்க வேண்டும். மேடையிற் சொன்னதைத் தமது கோயிலில், விகாரையில், பள்ளிவாசலில், தேவாலயத்தில் தமது மக்கள் முன் ஒருமுறை சொல்லிவிட்டு வருமாறு ஒவ்வொருவரையும் வேண்ட வேண்டும். இவற்றுக்கு ஒப்புக்கொள்வோர் தொகை குறையலாம். நான்கு ஆசனங்களுள் இரண்டு வெறுமையாகலாம். அந்த வெறுமை நிறைந்த மேடையினும் நேர்மையானதாக இருக்கும்.

அன்று கூட்டம் முடிந்து வெளியேறுகையில் அம்முதியவரை வாயிலிற் கண்டோம். தேநீர்க் கோப்பை அவர் கையிலிருந்தது. நன்றாகக் கேட்டீர்கள் என்றோம். “கேட்டு என்ன தம்பி, நீங்களாவது வருவியளோ?” என்றார் அவர். மேடையிலிருந்த நால்வரைக் குறைகூறியபடி வந்த நமக்கு அக்கணம் மறுமொழி எழவில்லை. அவர் ஊரின் தேர் எந்நாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம்.